மூத்தாள் பார்க்கும் நேரம்

ஜோதி வெள்ளை நூலின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டாள். இஞ்சு டேப் தையல் மிஷின் மேலேயே கிடந்தது. ஆனால் டேப்பை எடுத்தால் அவள் அளக்கிறாள் என்பது தெரிந்துபோகும். யாருக்கு? அந்த மத்தியானத்தில் வீட்டில் அவளும், சுவரில் மஞ்சுவும்தான் இருந்தார்கள்.

மஞ்சு, ஜோதியின் கணவன் அறிவரசனின் முதல் மனைவி. இறந்து மூன்று வருடம் ஆகிறது. சட்டம் போட்ட படத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். படத்துக்கு நேர் கீழே சுவரில் பதித்த சிமெண்டுப் பலகை. அரசாங்கம் எப்போதோ கொடுத்த பழைய டிவி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஆடி மாதத்து இடியில் அது கண்ணை மூடிவிட்டது. இப்போது பலகை காலி.

ஜோதி நூலின் முடிச்சைப் பலகையில் வைத்து, படத்தின் கீழ்ச் சட்டம் வரைக்கும் இழுத்து, அங்கே இன்னொரு முடிச்சுப் போட்டாள். ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. இருபத்து நாலு இஞ்சு டிவி என்றால் படத்துக்குக் கீழே அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். முப்பத்திரண்டு வாங்கினால் மஞ்சுவின் மோவாயை மறைக்கும். படத்தைக் கழற்றி வேறு சுவருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வாரமாக அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்த முப்பத்திரண்டுதான். படத்தை எடுங்கள் என்று அவள் வாயால் சொல்ல முடியாது. டிவி சொல்லலாம். இடம் போதவில்லை என்று ஆகிவிட்டால் யார் மேலும் பழி இல்லை.

அவள் பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயக் காட்டு ஊரிலிருந்து இந்தச் சோழபுரத்துக்கு வாழ வந்து பதினோரு மாதம். இந்தப் பதினோரு மாதத்தில் புதுசாக எதையும் அவள் முதலில் தொட்டதில்லை. இரண்டாம் தாரமாக வருகிறவள், மூத்தாளுக்குக் காட்டிவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும். புடவை என்றால் ஒரு நாள் படத்தின் முன்னால் மடிப்புக் கலையாமல் இருக்கும். மிக்ஸி வாங்கியபோது அதில் முதலில் அரைத்த தேங்காய் மூத்தாளின் இலைக்குப் போனது. தாலிச் சரட்டில் மஞ்சுவின் பேரில் ஒரு பொட்டுத் தங்க உரு கோத்திருந்தார்கள். குனிந்து துணி வெட்டும்போது அது நெஞ்சில் ஜில்லென்று படும். யாரோ விரல் வைத்து எழுப்புகிற மாதிரி இருக்கும்.

நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினாள்.

*

கடையில் இருந்தவன் பெயர் கோகுலகிருஷ்ணன். சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டை அப்படித்தான் சொன்னது.

"வூட்ல எத்தன பேரு பாப்பீங்கக்கா?"

"நாலு பேரு," என்றாள் ஜோதி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மூணு. மூணு பேருதான்."

"மூணுன்னாலும் நாப்பத்து மூணு வெச்சாதாங்க்கா தியேட்டர் மாதிரி இருக்கும்."

"அவ்ளோ பெருசு ஆவாது. சின்னதுதான். நெட்டுல பாக்குற மாதிரி. எங்க வூட்டுக்காரரு வைஃபை போட்டுட்டாரு."

அவன் அவளைக் கடையின் கோடிக்குக் கூட்டிப்போனான். இருபத்து நாலும் முப்பத்திரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஒரே கடல், ஒரே மீன்.

"இந்த இருவத்தி நாலுல மெமரி கம்மிங்க்கா. யூடியூப்பு தெறக்கும், ஆனா கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் தெறக்கும். பாருங்க, சுத்துதா? நம்ம டவுன் பஸ்ஸு மாதிரிதான். கெளம்புற வரைக்கும்தான் ரோதன, கெளம்பிட்டா ஓடிரும். முப்பத்திரெண்டுன்னா அந்தப் பிரச்சனயே இல்ல. சவுண்டும் அதுலதான் நல்லாருக்கும்."

ஜோதி முந்தானையை அவிழ்த்து நூலை எடுத்தாள். அவன் வாயைப் பிளந்தான்.

"என்னாக்கா நூலு? டிவிக்குச் சட்ட தெக்கப் போறீங்களா?"

"ஆமா, நீங்கதான் காஜா எடுத்துத் தரணும்," என்றபடி அவள் நூலை முப்பத்திரண்டின் காலிலிருந்து உச்சி வரை பிடித்தாள். மேல் முடிச்சுக்கும் மேலே டிவி நாலு விரல் நின்றது. இருபத்து நாலில் பிடித்தாள். முடிச்சும் உச்சியும் ஒட்டிக்கொண்டன.

அறிவரசன் அரியலூரில் சிமெண்டு லோடுக்காக லாரியை வரிசையில் போட்டுக் காத்திருந்தான். போனில் பின்னால் ஹாரன் சத்தம்.

"ஏங்க, முப்பத்திரெண்டு நல்லாருக்குங்க. சட்டுன்னு தெறக்குது. ஆனா…"

"ஆனா?"

"படத்தக் கொஞ்சம் நவுத்தணும்."

"எந்தப் படத்த?"

வீட்டில் இருப்பதே ஒரு படம்தான். அங்கே இரண்டு லாரிகள் நகர்ந்த சத்தம் கேட்டது.

"ஒன் இஷ்டம் ஜோதி," என்றான் அவன்.

அவன் 'சரி' என்றால் சரி. 'ஒன் இஷ்டம்' என்றால் வேண்டாம். பதினோரு மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அவள் நூலைச் சுருட்டிக்கொண்டு, "சின்னதே போடுங்க தம்பி," என்றாள்.

திரும்பும்போது டிவிப் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து அணைத்துப் பிடித்திருந்தாள். கண்டக்டர் வந்து குனிந்தார். "ஏம்மா, ஒனக்கு டிக்கெட்டு எடுத்துட்ட. பக்கத்துல ஜம்முனு ஒக்காந்திருக்காங்களே, அவுங்களுக்கு?"

பஸ்ஸே சிரித்தது. ஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அது கனத்துக்கொண்டே வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை அறிவரசன் வீட்டில் இருந்தான். டிவியைப் பலகையில் ஏற்றி ஒயரைச் செருகினான். ஏழு வயது தென்றல் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவிடாமல் கையில் பொத்தி வைத்திருந்தாள். அவள் மஞ்சுவின் மகள். ஜோதியைச் சித்தி என்று கூப்பிடுவாள். கூப்பிட வேண்டிய நேரத்தில் மட்டும் கூப்பிடுவாள்.

அடுத்த தெருவிலிருந்து அறிவரசனின் அக்காள் உண்ணாமலை வந்து சேர்ந்தாள். வாசலில் நுழையும்போதே குரல்.

"ஏ ஜோதி, மூத்தாளுக்குக் காட்டுனியா?"

"பொங்க வெச்சிட்டேன் அண்ணி. இன்னும் போடவே இல்ல."

டிவி ஒரு கணக்குக் கேட்டது. யாருடைய போன், யாருடைய மெயில் என்று. ஜோதி தன் போனை நீட்டினாள். உண்ணாமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுடி. மொதல்ல அவ பேர்ல போடு. அப்பறம் நீ ஒம் பேருல மாத்திக்க. யாரு வேணாங்கறா?"

"மெயிலுக்கெல்லாமா அண்ணி?"

"மிக்ஸிக்கு உண்டு, இதுக்கு இல்லியா? நாளைக்கு அது வெடிச்சுதுன்னா என்னய வந்து கேக்காத."

அறிவரசன் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுத்தான். ஓரத்தில் கண்ணாடி விரிந்த பழைய போன். மஞ்சுவுடையது. தட்டியதும் வெளிச்சம் வந்தது. ஜோதி எட்டிப் பார்த்தாள். முழு சார்ஜ் இருந்தது.

மூன்று வருடமாக யார் சார்ஜ் போடுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அவன் அவள் பக்கம் திரும்பாமலே எண்களை அமுக்கிக்கொண்டிருந்தான்.

படையல் போட்டால் கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே வந்துவிடுவது வழக்கம். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று. உண்ணாமலை டிவிக்கும் அதையே சொன்னாள். ஒரு அம்மன் பாட்டைப் போட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேரும் முந்திரி மரத்து நிழலில் போய் நின்றார்கள்.

"இருவது நிமிசம் பாக்கட்டும்," என்றாள் உண்ணாமலை. "பாவம், சின்ன வயசு."

உள்ளே அம்மன் பாட்டு முடிந்தது. பிறகு சத்தமே இல்லை. பிறகு, தடக் தடக், தடக் தடக் என்று ஏதோ வெகுதூரத்தில் போவது போல ஒரு சத்தம்.

கதவைத் திறந்தபோது டிவியில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. ரயில்கூடத் தெரியவில்லை. டிரைவர் உட்கார்ந்து பார்க்கிற இடத்திலிருந்து எடுத்த படம். இரண்டு பக்கமும் பனி. மரம், வேலி, வீட்டுக் கூரை எல்லாம் வெள்ளை. நடுவே இரண்டு கறுப்புக் கோடுகளாகத் தண்டவாளம். மனுசர் யாரும் இல்லை.

"யாரு இத வெச்சா?" என்றாள் உண்ணாமலை. குரல் இறங்கியிருந்தது.

"அம்மா வெச்சிருக்கு," என்றாள் தென்றல், ஊரறிந்த விசயத்தைச் சொல்வது போல. படத்தின் அடியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

*

திங்கள்கிழமை அறிவரசன் லோடு ஏற்றப் போய்விட்டான். தென்றல் பள்ளிக்கூடம் போனாள். உச்சி வேளையில் ஜோதி டிவியைப் போட்டாள்.

திரை நிறையப் பனி. பனியில் ரயில், பனியில் படகு, பனி விழுகிற ஜன்னல், பனி மூடிய ஏரி. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு சிவப்புக் கோடு. எவ்வளவு தூரம் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம். சிலதில் கோடு கடைசி வரை போயிருந்தது. சிலதில் பாதியில் நின்றிருந்தது. பாதியில் நின்றவற்றைப் பார்க்க ஜோதிக்கு என்னவோ செய்தது. நடுவில் எழுந்து போனவள் திரும்பி வந்து மிச்சத்தைப் பார்ப்பதற்காக யாரோ அடையாளம் வைத்திருப்பது போல.

அவள் டிவியைப் பார்த்தாள். டிவிக்கு மேலிருந்து மஞ்சு அவளைப் பார்த்தாள். விளக்குகள் எரிந்து அணைந்தன. புழுக்கமான அந்த மத்தியானத்தில் ஜோதியின் புறங்கையில் மயிர் சிலிர்த்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. அவளுடைய போனில் எதைப் பார்க்கிறாளோ அதுதான் மறுபடி மறுபடி வரும். இதுவும் அப்படித்தானே? மெயிலை மாற்றினால் உண்ணாமலை கேட்பாள், அறிவரசன் 'ஒன் இஷ்டம்' என்பான். எதையும் மாற்ற வேண்டாம். பார்த்தால் போதும்.

அவள் பிளவுஸ் வெட்டுவது எப்படி என்று தேடினாள். கோயம்புத்தூர்க்காரம்மா ஒருத்தி சாக்பீசும் கையுமாக வந்து நின்றாள். "கைக்குழிக்கு அரை இஞ்சு விட்டு வரைஞ்சுக்குங்க," என்றாள். ஜோதி மடியில் துணியைப் போட்டுக்கொண்டு வரைந்தாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மறுநாளும். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் மேல் வரிசையில் பாதி பிளவுஸ். ஏழாம் நாள் முழு வரிசையும். பனி ஒரு படி கீழே இறங்கியது, பிறகு இன்னொரு படி. ஆணியைத் தொடாமல், படத்தை நகர்த்தாமல், ஒரு வார்த்தை பேசாமல் அவள் மஞ்சுவை வீட்டிலிருந்து வெளியே நடத்திக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு நன்றாகப் பசித்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

தென்றல் நாலேகாலுக்கு வருவாள். பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன் நிற்பாள்.

"ரயிலு வரலியா?"

"நீயே தேடி வெச்சுக்கயேன். ஒனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியுமே."

"நான் வெக்க மாட்டேன். அம்மா வெச்சாத்தான்."

பிறகு அவள் வரிசை வரிசையாகக் கீழே இறக்கித் தேடுவாள். அமுக்க மாட்டாள். பனி கண்ணில் பட்டதும் ரிமோட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஒவ்வொரு நாளும் அவள் இறக்க வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது.

பத்தாம் நாள் மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரம்மா பட்டி மடிப்பதை அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும் ஜோதி அவசரமாக நிறுத்தினாள். தென்றல் ரிமோட்டை வாங்கிக் கீழே இறக்கினாள். இறக்கினாள். கடைசி வரைக்கும் போனாள். எங்கும் துணிதான்.

"சித்தி," என்றாள். "அம்மா போயிருச்சா?"

ஜோதியின் கையில் கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது.

"போன தடவையும் எங்கிட்ட சொல்லாமதான் போச்சு. நான் தூங்கிட்டு இருந்தேன். இப்ப ஸ்கூலுக்குப் போயிட்டேன்."

அழவில்லை. ரிமோட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு வேண்டாம் என்றாள். முறுக்கு வேண்டாம் என்றாள். மறுநாள் காலையில் எழுப்பியபோது கண்ணைத் திறந்து ஜோதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஜோதி தாங்கியிருப்பாள்.

*

அன்று காலை அறிவரசன் லாரியைக் கோயில் ரோட்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தான். ஜோதி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா ஏங்க அந்தப் பனியவே பாத்துச்சு?"

அவன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"கிட்னி போயிருச்சுல்ல. வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ண பெரம்பலூருக்குக் கூட்டிட்டுப் போவேன். நாலு மணி நேரம் மிஷின்ல படுத்திருக்கணும். தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு நாளைக்கு அர லிட்டருதான். சித்தர வெயிலு. நாக்கு வறண்டு போயி அழுவா. ஒரு ஐஸ்கட்டிய வாயில அடக்கிக்கிட்டு அந்தப் பனியப் பாத்துக்கிட்டே கெடப்பா. 'எல்லாம் தண்ணி பாருங்க, அம்புட்டும் தண்ணி'ம்பா."

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். குடிக்காமல் கீழே வைத்தான்.

"அந்தக் கடைசி ரயிலு பாதியிலதான் நின்னுச்சு," என்றான்.

ஜோதி அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். இத்தனை நாளும் அவள் யாரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்? சக்களத்தி என்று ஒருத்தியை நினைத்திருந்தாள். அடுப்படிச் சுவரில் சாய்ந்திருந்த அவள் கண்ணுக்குள் தெரிந்ததோ, தாகத்தோடு படுத்திருக்கிற ஒரு பெண்.

அவன் லாரி ஏறிப் போனான். தென்றல் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் ஜோதி வீட்டைக் கூட்டித் துடைத்தாள். டிவியைப் போட்டாள். பார்த்தவை எல்லாம் இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, தன் பிளவுஸ்களைத் தாண்டி, பின்னால் பின்னால் போனாள். நாளும் மாதமும் வருடமும் ஓடின. மூன்று வருடத்துக்கு அடியில் அந்த ரயில் கிடந்தது. சிவப்புக் கோடு சரி பாதியில்.

அதை அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றியது. சின்ன டிவி, யோசித்துக்கொண்டுதான் திறக்கும். பிறகு பனி வந்தது, விட்ட இடத்திலிருந்து.

ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டிகளை உடைத்து ஒரு டம்ளர் நிறையப் போட்டுப் பலகையில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். படைத்துவிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது இவ்வளவுதான்: "பாருக்கா. முழுசாப் பாரு."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தாள். வெயில் நட்ட நடுவில் நின்றது. தெருவில் ஈ காக்காய் இல்லை. ஜன்னல் வழியாக, தடக் தடக், தடக் தடக். அவள் கண்ணை மூடினாள். முந்திரி இலைகளின் மேல் ஏதோ மெதுவாக விழுகிற மாதிரி இருந்தது.

மீன்சுருட்டியிலிருந்து வரும் டவுன் பஸ் தெருமுனையில் இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சல் ஓய்ந்தபோது ரயில் சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு பெண்குரல் பேசிக்கொண்டிருந்தது.

ஜோதி எழுந்தாள். ஓடவில்லை. மெதுவாகப் போய்க் கதவைத் தள்ளினாள்.

கோயம்புத்தூர்க்காரம்மா பட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தொடக்கத்திலிருந்து அல்ல. நேற்று வாசலில் நிழல் தட்டியதும் ஜோதி நிறுத்தினாளே, அந்த இடத்திலிருந்து. ரிமோட், ஜோதி ரயிலைப் போட்டுவிட்டுக் கவிழ்த்து வைத்த மாதிரியே, குப்புறக் கிடந்தது. டம்ளரில் ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது. படத்தைச் சுற்றி விளக்குகள் எரிந்தன, அணைந்தன.

ரயில் முடிந்து தானாக அடுத்தது வந்திருக்கலாம். அப்படித்தான் வரும். ஜோதிக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் நிலைப்படியில் நின்று, விருந்துக்குப் போன வீட்டில் இலை போட்டுக் கூப்பிட்டதும் கூச்சப்படுகிறவள் போல, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எப்போதும் உட்காரும் நடு இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி.

நாலேகாலுக்குத் தென்றல் வந்தாள். டிவியைப் பார்த்தாள். அம்மாவின் படத்தைப் பார்த்தாள். பலகையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். ரிமோட்டை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை அமுக்கினாள். மேல் வரிசையில் ஐந்து துணிப் படங்களுக்கு நடுவே ஒரு ரயில் இருந்தது. சிவப்புக் கோடு கடைசி வரை போயிருந்தது.

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஜோதிக்கு அந்தப் பக்கமாக, இடம் விட்டு உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இருந்த தரையைக் கண்ணால் அளந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளு சித்தி," என்றாள். "அம்மாவுக்கு எடம் பத்தல."

ஜோதி துணியைச் சுருட்டிக்கொண்டு நாலு விரல் தள்ளி உட்கார்ந்தாள்.